பேக்கப் ஓடுதுன்னு சொன்னால் போதுமா?

"அக்கா, பேக்கப் எல்லாம் டெய்லி ஓடிக்கிட்டுதான் இருக்கு." சிஸ்டம் போட்டுக்கொடுத்தவர்கள் இரண்டு வருஷமாக என்னிடம் சொன்னது இதுதான். இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் செம்பனைக் குலை வாங்கும் இடத்தில் கணக்குப் பார்க்கிறேன். லாரி குலையோடு ஒரு தடவை எடை மேடையில் ஏறும், இறக்கிவிட்டு வெறுமனே ஒரு தடவை ஏறும். வித்தியாசம்தான் சிறுதோட்டக்காரர்களின் மாதக் காசு. அத்தனை எடைக் கணக்கும் மைஎஸ்கியூஎல் என்ற மென்பொருளில் ஒரே டேட்டாபேஸில்.

போன மாதம் சாயங்கால இடியில் சர்வர் கருகிவிட்டது. பேக்கப் டிரைவ்? அதே சர்வரில் செருகியபடி இருந்தது, அதுவும் போச்சு. சரி, ஆபீஸ் கணினியில் இன்னொரு பிரதி இருக்கிறதே என்று திறந்தேன். தேதி வாரியாக அழகாக வரிசை. கடைசி 19 கோப்புகளும் 0 பைட், உள்ளே ஒன்றுமே இல்லை. யாரோ பாஸ்வேர்டை மாற்றியிருக்கிறார்கள். அன்றிலிருந்து டேட்டாபேஸைக் கோப்பாக எழுதியெடுக்கும் டம்ப் நிரல் உள்ளேயே நுழையவில்லை. ஆனாலும் இரவுதோறும் வெறும் கோப்பு மட்டும் உருவாகிக்கொண்டே இருந்திருக்கிறது. ஒருவர், ஒரே ஒருவர், அளவைப் பார்த்திருந்தால் மறுநாளே தெரிந்திருக்கும்!

பெரிய இடத்திலும் இதே கதைதான். 2017 ஜனவரி 31 அன்று மென்பொருள் எழுதுபவர்கள் தங்கள் நிரல்களை வைத்துக்கொள்ளும் கிட்லாப் தளத்தில் தவறான சர்வரில் சுமார் 300 ஜிபியை அழித்துவிட்டார்கள். டம்ப் நிரலின் வெர்ஷன் டேட்டாபேஸோடு பொருந்தாமல் பேக்கப் ஏற்கெனவே தோற்றுக்கொண்டிருந்தது, அதைச் சொல்லும் மின்னஞ்சலும் யாருக்கும் போய்ச் சேரவில்லை. ஆறு மணி நேரத் தரவு போனது. அவர்கள் நடந்ததை ஊரறிய எழுதினார்கள். சிஸ்டம் போட்டவர்களிடமிருந்து எங்களுக்குக் கிடைத்த பதில், "இடி விழுந்தா நாங்க என்ன செய்ய முடியும்?"

இடியை யார் கேட்டது? எத்தனை மணி நேரக் கணக்கு போனால் தாங்குவீர்கள் என்று முதலில் எங்கள் முதலாளியிடம் கேட்டிருக்க வேண்டாமா? நள்ளிரவில் மட்டும் டம்ப் எடுத்தால், மாலை ஆறு மணிக்குச் சர்வர் செத்தால் அன்றைய லாரி எல்லாம் போச்சு. டேட்டாபேஸில் நடக்கும் ஒவ்வொரு மாற்றத்தையும் குறித்துவைக்கும் பின்லாக்கை மணிக்கொரு தரம் வேறு இடத்துக்கு அனுப்பியிருந்தால் இடிக்கு முந்தைய ஒரு மணி நேரம்தான் போயிருக்கும். ஒரு பிரதி ஈப்போவில் இருந்திருக்கலாம். மாதம் ஒருமுறை வேறொரு கணினியில் மீட்டு, நேற்றைய லாரிகள் வருகின்றனவா என்று எண்ணிப் பார்க்க அரை நாள் ஆகுமா? ஓடுகிற டேட்டாபேஸின் ஃபோல்டரை அப்படியே காப்பி பண்ணி "இதுவும் பேக்கப்தான்" என்று நீட்டினார் ஒருவர். எழுதிக்கொண்டிருக்கும்போதே எடுத்த காப்பி என்பதால் உள்ளே ஒன்றோடொன்று ஒட்டவில்லை, அதை நம்பித் திறந்து ஒரு நாள் வீணானதுதான் மிச்சம்.

எழுபது வயது ஐயா ஒருவர் தன் எடைச் சீட்டுகளை மைலோ டின்னில் கட்டிக்கொண்டு வந்தார். "எல்லாம் இருக்குது தாயி" என்றார். வெயிலில் பாதி சீட்டு வெளுத்துவிட்டது. அவற்றில் 40 சீட்டு இன்னும் என் மேசையில் கிடக்கிறது. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து எண்களைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.