சப்போரோ கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது
"ஜப்பானியக் குழந்தைகளில் மூன்றில் ஒன்றுக்குப் பாதுகாப்பற்ற பிணைப்பு" (அம்மாவிடம் உறுதியான நம்பிக்கை இல்லாத உறவு) என்று குழந்தை வளர்ப்பு பற்றிய ஒரு கட்டுரை சொல்வது, 1980-களில் ஜப்பானின் சப்போரோ நகரில் 60 குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வின் கணக்கு. எண் சரிதான், அதற்குச் சொல்லும் பொருள்தான் இடிக்கிறது. அதில் பயன்பட்டது உளவியலாளர் மேரி எய்ன்ஸ்வொர்த் வகுத்த சோதனை: அம்மாவைச் சிறிது நேரம் பிரித்து, அவள் திரும்பி வரும்போது குழந்தை எப்படி நடந்துகொள்கிறது என்று பார்ப்பார்கள். அதில் 8 கட்டங்கள். முதலாவதைத் தவிர ஒவ்வொன்றும் சுமார் 3 நிமிடம். ஆறாவது கட்டத்தில் குழந்தை அறையில் தன்னந்தனியாக விடப்படும். அம்மா பக்கத்திலேயே தூங்கி, அவளோடு சேர்ந்தே குளித்து, முதுகில் கட்டிச் சுமக்கப்பட்டு வளரும் ஒரு வயதுக் குழந்தைக்கு அது, சோதனை எதிர்பார்க்கும் 'மிதமான அழுத்தம்' அல்ல, பெரும் பீதி. வீறிட்டு அழுத குழந்தை அம்மா வந்தவுடன் அடங்கிவிடாது. அடங்காததைத்தான் பாதுகாப்பற்ற பிணைப்பில் ஒன்றான 'எதிர்ப்பு வகை' என்று குறிக்கிறார்கள்! அதனால்தான் குழந்தை கடுமையாக அழுதால் அந்தக் கட்டத்தை உடனே சுருக்க வேண்டும் என்பது விதி. இன்னொன்று, அந்த அம்மாக்கள் திரும்பி வந்ததும் நேராகப் போய்க் குழந்தையைத் தூக்கிவிட்டார்கள். முகம் திருப்பவோ விலகவோ அதற்கு அவகாசமே இல்லை. அப்படி விலகும் குழந்தைகளைக் குறிக்கும் 'தவிர்ப்பு வகை' சப்போரோவில் ஒன்றுகூட இல்லாமல் போனதில் இதற்கும் பங்குண்டு. டோக்கியோவில் எடுத்த மாதிரியில் அந்த வகையும் இருந்தது. ஜெர்மன் குழந்தைகளில் பாதி தவிர்ப்பு வகை என்று சொல்பவர்களுக்கு: ஜெர்மனியின் பீலஃபெல்ட் நகரில் 49 குழந்தைகளில் ஏறக்குறைய பாதி தவிர்ப்பு வகை என்பது உண்மை, ஆனால் அதே நாட்டின் ரீகன்ஸ்பர்கில் பெரும்பான்மை பாதுகாப்பான வகை. 1988-இல் 8 நாடுகளின் 32 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, ஒரே நாட்டுக்குள் இருந்த வேறுபாடு நாடுகளுக்கு இடையே இருந்ததைப் போல சுமார் 1.5 மடங்கு.