மெம்பர்ஷிப் டிரைவாம், பெரிய டிரைவு!

மறுபடியும் ஆரம்பிச்சுட்டாங்கப்பா. "இந்த வருஷம் ஒவ்வொரு உறுப்பினரும் தலா அஞ்சு புது உறுப்பினரைச் சேர்க்கணும்"னு எங்க தொழில்முறைச் சங்கத்தோட வாட்ஸ்அப் குரூப்புல ஒரு மெசேஜ், அதுக்குக் கீழ வரிசையா கைகூப்புற எமோஜி, சூப்பர் சார், வாழ்த்துகள் தலைவரே. இதுக்கு நடுவுல ஒரு பையன், வேலைக்கு இப்பதான் சேர்ந்திருப்பான் போல, "சார், வேலைய விட்டா ரெண்டு வருஷத்துக்கு இதே துறையில வேற எங்கயும் சேரக் கூடாதுன்னு கான்ட்ராக்ட்ல போட்டிருக்காங்க, கையெழுத்துப் போடலாமா, யாராச்சும் சொல்லுங்க"ன்னு கேட்டிருக்கான். ஒருத்தர் வாயத் திறக்கல. எமோஜி வர வர அவன் கேள்வி மேல போய்க் காணாமலே போச்சு. அவனும் சந்தா கட்டுன ஆளுதான்யா! தொழில்முறைச் சங்கம்னு ஒண்ணு வச்சிருக்கிறதே இந்த மாதிரி கேள்விக்கு ஒரு பதில் சொல்லத்தானே, இல்ல குரூப் போட்டோ எடுக்கவா?

எனக்குப் புரியாத விஷயம் இதுதான். எதுக்கு ஆள் சேக்குறீங்கன்னு கேட்டா "சங்கத்தைப் பலப்படுத்த"ங்கறாங்க, பலப்படுத்தி என்ன பண்ணப் போறீங்கன்னு கேட்டா "இன்னும் ஆள் சேர்க்கலாம்"ங்கற மாதிரி ஒரு பதில் வருது. ஆண்டறிக்கையத் தொறந்தா மொத ஸ்லைடே மேல ஏறுற கிராஃப்பு. அந்த கிராஃப்புக்குள்ள யாரெல்லாம் இருக்காங்கன்னு பாத்தா இலவசமா சேத்துவிட்ட மாணவர்கள், சந்தா கட்டுறத எப்பவோ நிறுத்திட்டு பேரு மட்டும் நீக்கப்படாம கிடக்கிறவங்க, ரிட்டயர் ஆகி வேற ஊரு போனவங்க, எல்லாரும் கணக்குல உண்டு. இறந்துபோன ஒரு மூத்த உறுப்பினருக்கு அஞ்சலி போஸ்டர் போட்டதும் நம்ம சங்கம்தான், அதுக்கப்புறம் அவரு மெயிலுக்கு "உங்கள் உறுப்பினர் காலம் முடிவடைகிறது, உடனே புதுப்பிக்கவும்"னு ரிமைண்டர் அனுப்புனதும் நம்ம சங்கம்தான். அவரு பொண்ணு அத ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்பிச்சுது. எனக்கு மூஞ்சிய எங்க வச்சுக்கிறதுன்னே தெரியல.

சரி, இவ்ளோ பேரு இருக்காங்களே, பொதுக்குழுவுக்கு வந்தாங்களா? கோரம், அதாவது கூட்டம் செல்லுபடியாக வேண்டிய குறைஞ்சபட்ச ஆளு, சேரல! அரை மணி நேரம் ஒத்திவச்சு, அப்புறம் வந்திருக்கிறவங்களே கோரம்னு விதியைப் படிச்சு, வரவு செலவு "ஏகமனதாக" நிறைவேறிடுச்சு. ஏகமனதுன்னா முன்னாடி ரெண்டு வரிசை.

மான்கர் ஓல்சன்னு ஒரு பொருளாதார அறிஞர் 1965லயே இத அக்குவேறா ஆணிவேறா பிரிச்சு வச்சுட்டாரு. கூட்டம் பெருசாகப் பெருசாக ஒவ்வொருத்தனும் "நான் ஒருத்தன் வரலன்னா என்ன ஆயிடப் போகுது"ன்னு நினைப்பான், சங்கம் போராடி வாங்குற பலன் வெளியில நிக்கிறவனுக்கும் சேத்துத்தான் கிடைக்கும், அப்புறம் எவன் சந்தா கட்டுவான்? அதனாலதான் சங்கங்கள் உறுப்பினருக்கு மட்டும்னு இன்சூரன்ஸ், பத்திரிகைன்னு தனியா எதாவது குடுத்து ஆளப் பிடிச்சு வச்சுக்குதுங்கறாரு. நம்மாளுங்க அதையும் குடுக்குறதில்ல, ஒரு ஐடி கார்டு குடுக்குறாங்க, அதுல போட்டோ வேற மங்கலா இருக்கு.

வேலை செஞ்ச சங்கம் எப்படி இருக்கும்னு பாருங்க. 1905ல அமெரிக்காவுல பிராக்டன்ங்கற ஊர்ல ஒரு ஷூ தொழிற்சாலையில பாய்லர் வெடிச்சு 58 பேர் செத்தாங்க. அப்ப பாய்லர எப்படிச் செய்யணும்னு மாகாணத்துக்கு மாகாணம் வேற வேற விதி, சில இடத்துல விதியே கிடையாது. 1880லயே ஆரம்பிச்ச மெக்கானிக்கல் இன்ஜினியர்கள் சங்கம் 1911ல ஒரு கமிட்டி போட்டு உக்காந்து, 1914ல பாய்லர் விதிமுறைய எழுதி முடிச்சுது. இன்னைக்கும் உலகத்துல பல நாடுகள்ல அந்த விதிமுறைதான் பேசுது. அந்த வருஷம் எத்தன புது மெம்பர் சேந்தாங்கன்னு எவனுக்காவது ஞாபகம் இருக்கா?

இன்னொண்ணு, இது எனக்கு ரொம்பப் பிடிச்ச சம்பவம். 1972ல சான் பிரான்சிஸ்கோ பக்கம் பார்ட்ங்கற நகர ரயில் திட்டத்துல தானியங்கி கட்டுப்பாட்டுல பிரச்சனை இருக்குன்னு சொன்ன மூணு இன்ஜினியர்கள வேலைய விட்டுத் தூக்குனாங்க. அதே வருஷம் அக்டோபர்ல ஒரு ரயில் கடைசி ஸ்டேஷன்ல நிக்காம ஓடி மண்மேட்டுல போய் மோதுச்சு. அந்த மூணு பேரும் போட்ட கேஸ் கோர்ட்டுக்குப் போனப்ப ஐ ட்ரிபிள் ஈங்கற எலெக்ட்ரிக்கல், எலெக்ட்ரானிக்ஸ் இன்ஜினியர்கள் சங்கம் 1975ல கோர்ட்டுல தன் தரப்பு மனுவப் போட்டு, பொதுமக்கள் பாதுகாப்பைக் காப்பாத்துறது இன்ஜினியரோட கடமை, அத அவன் வேலை ஒப்பந்தத்தோட ஒரு பகுதியாவே பாக்கணும்னு வாதாடுச்சு. கேஸ் கடைசியில சமரசத்துல முடிஞ்சுது, அது வேற. ஆனா மூணே மூணு பேருக்காக அவ்ளோ பெரிய சங்கம் எழுந்து நின்னுச்சா இல்லையா? நம்ம பையன் ஒருத்தன் கேட்ட கேள்விக்கு ஒரு லைன் டைப் பண்ண நம்மகிட்ட ஆள் இல்ல.

"ஆள் பலம் இல்லாம அரசாங்கத்துக்கிட்ட எப்படிங்க பேசறது"ன்னு கேப்பீங்க, தெரியும். நியாயம்தான், பேச்சுவார்த்தைக்குப் போனா உங்க பின்னாடி எத்தன பேருன்னுதான் மொதல்ல கேப்பாங்க, சந்தாப் பணம் இல்லாம ஆபீஸ் வாடகை கூட கட்ட முடியாது, நான் ஒத்துக்கிறேன். ஆனா 1847ல ஆரம்பிச்ச அமெரிக்க மெடிக்கல் அசோசியேஷனப் பாருங்க, அந்த நாட்டு டாக்டர்கள்ல பாதிப் பேர் கூட இன்னைக்கு அதுல உறுப்பினர் இல்ல, ஆனாலும் ஒவ்வொரு சிகிச்சைக்கும் அவங்க உருவாக்குன குறியீட்டு எண் இல்லாம அங்க டாக்டர்கள் இன்சூரன்ஸுக்குப் பில்லே போட முடியாது. ஆக வெறும் தலை எண்ணிக்கையக் காட்டி மட்டும் எவனும் செல்வாக்கு சம்பாதிக்கல.

அட, புதுசா அஞ்சு பேர் வேணும்னா போன வருஷம் போன ஆளுங்களுக்கு ஒரு போன் போட்டு ஏன் போனீங்கன்னு கேளுங்கய்யா. செயலாளர்கிட்ட அந்த லிஸ்ட்டக் கேட்டேன். புதுசா சேந்தவங்க லிஸ்ட்டு கலர் கலரா எக்செல்ல இருக்காம், விட்டுப் போனவங்க லிஸ்ட்டுன்னு ஒண்ணு வைக்கிற வழக்கமே இல்லையாம்.