கனவுல குழந்தைய பஸ்லயே விட்டுட்டு இறங்கிட்டேன்

போன வாரம் விடியக்காலைல ஒரு கனவு. தாம்பரத்துல பஸ்ஸ விட்டு இறங்குறேன், ஹேண்ட்பேக் இருக்கு, சாப்பாட்டு பை இருக்கு, குடை கூட இருக்கு, குழந்தை மட்டும் இல்ல. பஸ் போயிடுச்சு. முழிச்சு பாத்தா வேர்த்து கொட்டுது. இத்தனைக்கும் எனக்கு குழந்தையே இல்லைங்க, கல்யாணம் ஆகி ஆறு வருஷம்.

வாய மூடிட்டு இருந்திருக்கலாம், காலைல மாமியாருக்கு போன் பண்ணப்ப உளறிட்டேன். பஸ்ல தொலைச்சத பத்தி ஒரு வார்த்தை கேக்கல அத்தை, "ஆம்பளப் புள்ளையா பொம்பளப் புள்ளையா"ன்னாங்க, அப்புறம் "எத்தன மணிக்கு கண்ட?" அஞ்சு மணி இருக்கும்னேன், அவ்ளோதான், விடியக்காலை கனவு பலிக்கும்னு அன்னிக்கே கும்பகோணத்துலேந்து கெளம்பி திருக்கருகாவூர் போய் கர்ப்பரட்சாம்பிகை சன்னதில நெய் வாங்கிட்டு வந்துட்டாங்க. எங்கம்மா வேற கட்சி. கனவுல கல்யாணம் வந்தா சாவு, சாவு வந்தா கல்யாணம், எல்லாம் ஏறுக்குமாறாத்தான் நடக்கும், அதனால மூச்சு விடாதன்னு சொல்றாங்க. ஒரு கனவு, சம்பந்தியம்மா ரெண்டு பேரும் ஆளுக்கொரு தீர்ப்பு.

இந்த விடியக்காலை கணக்குக்கு ஒரு காரணம் இருக்கு. தூக்கத்துல கண்ணு மூடின இமைக்குள்ள வேகமா உருள்ற ஒரு கட்டம் வரும், ரெம் தூக்கம்னு சொல்றாங்க, சிகாகோல அசெரின்ஸ்கி, கிளைட்மன்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 1953ல எழுதினது. ஏறக்குறைய 90 நிமிஷத்துக்கு ஒருதடவ வரும், விடிய விடிய அது நீண்டுக்கிட்டே போகும், அதனால கோர்வையா கதை மாதிரி வர்ற கனவெல்லாம் பெரும்பாலும் விடியக்காலைல தான், உடனே முழிச்சிடறதால ஞாபகமும் இருக்கு. ராத்திரி 12 மணிக்கு கண்டு மறந்துபோன கனவுக்கு யாரு பலன் பாக்கப் போறா? மாசமா இருக்கற என் ஃப்ரெண்டுக்கும் இதே கதைதான், பாத்ரூமுக்கு நாலு தடவ எழுந்திரிக்கிறா, நாலு கனவு ஞாபகம் இருக்கு. ஒண்ணுல பூனைக்குட்டி பெத்தாளாம். நல்லவேளை அவ மாமியார்கிட்ட சொல்லல.

என் கனவுக்கு எனக்கே பலன் தெரியும். அந்த வாரம் ஆபீஸ்ல ஒரு ப்ராஜெக்ட் லைவ் போகுது, எதையோ விட்டுட்டோம் விட்டுட்டோம்னு மண்டைக்குள்ள ஓடிட்டே இருந்துச்சு. அதோட போன் பண்றவங்க எல்லாம் "என்ன, விசேஷம் ஏதாவது உண்டா?" பகல்ல காதுல விழுந்தது ராத்திரி பஸ் ஏறி வருது. இதுல தெய்வ சகுனமும் இல்ல, எனக்குள்ள ஒளிஞ்சிருக்கற தாய்மை ஏக்கமும் இல்ல. ஏக்கமா வர்றவங்களுக்கு வரட்டும், அது வேற. ஆனா எல்லாருக்கும் அதே அர்த்தம்னு எழுதி ஒட்டாதீங்க. எங்க சொந்தத்துல ஒரு பொண்ணுக்கு நாலாம் மாசத்துல கலைஞ்சு போச்சு, அதுக்கப்புறம் அவளுக்கு குழந்தை கனவா வருது, "அது திரும்பி வரப்போகுது, கவலப்படாத"ன்னு ஒரு பெரியம்மா சொல்ல, அவ தூங்கவே பயப்படுறா. பலன் சொல்றவங்களுக்கு ஒரு நிமிஷ வேல, மாசா மாசம் காலண்டர பாத்து உக்காந்திருக்கறது அவ தானே.

கொரியன் சீரியல் பாக்குறவங்களுக்கு தேமோங் தெரிஞ்சிருக்கும். குழந்தை வரப்போகுதுன்னு சொல்ற கனவு, புலி, டிராகன், பன்னி, பழம்னு வரும். எனக்கு புடிச்சது என்னன்னா அத அம்மாவாகப் போறவ தான் காணணும்னு இல்ல, பாட்டி காணலாம், புருஷன் காணலாம், ஃப்ரெண்டு கூட காணலாம். இங்க ஆறு வருஷத்துல என் வீட்டுக்காரர்கிட்ட ஒருத்தராவது "உனக்கு என்னப்பா கனவு வருது"ன்னு கேட்டிருப்பாங்களா? நானும் கேட்டதில்ல தான். முந்தாநேத்து கேட்டேன். "வருமே, எல்கேஜி அட்மிஷன் லைன்ல நிக்கிறேன், என் முறை வர்றப்ப பர்த் சர்டிபிகேட் ஜெராக்ஸ் இல்ல"ங்கிறார். அடிக்கடி வருமாம். ஏன் சொல்லலன்னா, "யாரு கேட்டா?"

நெய் டப்பா நேத்து கொரியர்ல வந்துச்சு. 48 நாள், ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி ரெண்டு பேரும் கொஞ்சம் கொஞ்சம் சாப்பிடணும்னு அத்தை வாய்ஸ் மெசேஜ். நான் கேட்டு முடிக்கறதுக்குள்ள இவர் பாதி டப்பாவ நெய் ரோஸ்ட்டுக்கு ஊத்திட்டார்.