கண்டவனும் உட்காரத்தான் எங்கள் திண்ணை

தேக்குக் கதவு வைத்து, படி கட்டித் திருத்திய எங்கள் வாசலில் ஞாயிற்றுக்கிழமை அண்ணன் பேசியது சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. அன்றைக்கு அம்மா முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன். இரண்டு நாளாகத் தூக்கமில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

"இந்த ஏரியாவுக்கு எதுக்கும்மா தேக்குக் கதவு? திண்ணையை இடிச்சுட்டு கிரில் போட்டு அடைச்சிருந்தா வண்டியும் நிக்கும், கண்டவனும் வந்து உக்கார மாட்டான்."

வாசல் எப்படி இருக்க வேண்டும் என்பதை அதில் தினமும் ஏறி இறங்குகிறவர்கள்தான் முடிவு செய்ய வேண்டும். வருடத்துக்கு இரண்டு முறை வந்து போகிறவர்கள் இல்லை.

வடசென்னையில், கடலோரக் காசிமேட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறோம். உப்புக்காற்றுக்கு இரும்பு தாங்காது. அப்பா வைத்த கேட்டுக்கு துருப்பிடிக்காமல் இருக்க வருடா வருடம் ரெட் ஆக்சைடு அடித்தோம். கடைசியில் கீழ்க் கீலை விரலால் தொட்டாலே செதில் செதிலாக உதிர்ந்தது. கிரில் போட்டால் அதே கதிதான். எவர்சில்வர் போடலாமே என்பீர்கள். 304 ரகத்துக் கைப்பிடி ஒன்று வாங்கி, ஒரே வருடத்தில் பழுப்புப் புள்ளி விழுந்ததைப் பார்த்துவிட்டேன். கடலோரத்துக்கு மாலிப்டினம் என்ற உலோகம் கலந்த 316 ரகம் வேண்டும், அதன் விலை வேறு. நான் பித்தளைக் கீல் போட்டேன்.

மரத்திலும் மலிவானதைப் பார்த்தாயிற்று. முன்பு இருந்த ஃப்ளஷ் டோர், அதாவது ஒட்டுப்பலகைக் கதவு, 2015 டிசம்பர் வெள்ளத்தில் உப்பி, அடிப்பக்கம் ஏடு ஏடாகப் பிரிந்தது. தாத்தா வைத்த பர்மா தேக்கு நிலை அதே தண்ணீரில்தான் நின்றது. 2023 மிக்ஜாம் புயலிலும் நின்றது. ஒன்றும் ஆகவில்லை. அந்த நிலைக்குப் பொருந்துகிற மாதிரி, இடித்த வீட்டுச் சாமான் விற்கிற கடையில் பழைய இரட்டைக் கதவைத் தேடிப் பிடித்தேன். மழைக்காலத்தில் மரம் ஊதும் என்று ஆசாரி சுற்றிலும் ஒரு நூல் இடைவெளி விட்டு இழைத்தார். கதவைப் படுக்கவைத்து, யார் கண்ணுக்கும் தெரியாத அடிவிளிம்பில் மூன்று முறை எண்ணெய் பூசினார். தண்ணீர் அங்கேதான் முதலில் ஏறுமாம். அந்தக் கவனத்துக்குத்தான் காசு கொடுத்தேன். பாத்ரூமுக்கு நானும் பிவிசி கதவுதான் போட்டிருக்கிறேன். மரத்தின் மேல் எனக்கு வெறி ஒன்றும் இல்லை.

படி விஷயம். தாத்தா கட்டியபோது தெருவிலிருந்து மூன்று படி ஏற வேண்டும். பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே ரோடு போட்டுப் போட்டு ஒரு படிதான் மிச்சம். அதனால் வாசலை ஒரு அடி உயர்த்தினோம். சாய்தளம் வைத்திருக்கலாமே என்று கேட்டார்கள். ஒரு அடி உயரத்துக்கே 12 அடி நீளம் வேண்டும், எங்கள் தெருவின் அகலமே அவ்வளவுதான் இருக்கும். 6 அங்குல உயரம், 12 அங்குல அகலத்தில் படி கட்டிக் கைப்பிடி வைத்தோம். அம்மாவின் முட்டிக்கு அதுதான் ஒத்துவருகிறது. பளபள கிரானைட் வேண்டாம், கொத்திய கல்லே போதும் என்று சொன்னதும் அம்மாதான். காலையில் தண்ணீர் தெளித்துக் கோலம் போடுகிறவருக்குத் தெரியாதா எது வழுக்கும் என்று?

திருட்டு பயம் என்கிறார்கள். உள்ளே குறுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறது, அவ்வளவுதான். குடித்துவிட்டு வந்து படுப்பார்கள் என்கிறார்கள். படுத்தால் எழுப்பி அனுப்புவோம், இத்தனை வருடம் அப்படித்தான் அனுப்பினோம். அதற்காகத் திண்ணையை இடிப்பதா?

சரி, அந்தக் "கண்டவன்" யார்? மீன் கூடையை இறக்கி வைத்து மூச்சு வாங்குகிற அக்கா. சிலிண்டர் போடுகிற பையன். மிக்ஜாம் சமயத்தில் தெருவில் முழங்கால் தண்ணீர் நின்றபோது எதிர்வீட்டு அடுப்பு எங்கள் திண்ணையில்தான் எரிந்தது, நாங்களும் அதில்தான் சாப்பிட்டோம். அப்பா இறந்த ராத்திரி அந்தத் திண்ணையில் விடிய விடிய உட்கார்ந்திருந்தவர்களும் இவர்கள்தான். டீ வாங்கி வந்தார்கள், பந்தல்காரரை எழுப்பினார்கள், அம்மாவைத் தனியாக விடவில்லை. அண்ணன் மறுநாள் பத்து மணிக்கு வந்தான். தூரம், டிராஃபிக், அதில் தப்பு சொல்லவில்லை. ஆனால் அந்த ராத்திரி இருந்தவர்களைக் கண்டவன் என்று சொல்லாதே.

"இந்த ஏரியா" என்ற வார்த்தையும் உறுத்துகிறது. வடசென்னை என்றால் நல்ல கதவு எதற்கு, நல்ல படி எதற்கு. துறைமுகம் இங்கே வேண்டும், அனல் மின் நிலையம் இங்கே வேண்டும், ஊர்க் குப்பை கொடுங்கையூருக்கு வர வேண்டும். நாங்கள் ஒரு தேக்குக் கதவு வைத்தால் மட்டும் அதிகமா?

அண்ணா, நீ இதைப் படிப்பாய் என்று தெரியும். கரண்ட் போன ராத்திரிகளில் நீயும் அந்தத் திண்ணையில்தான் பாய் விரித்துப் படுத்தாய். எனக்குப் பதில் எழுத வேண்டாம். அம்மாவுக்கு ஒரு போன் பண்ணு. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அம்மா சாயங்காலம் திண்ணைக்கு வரவில்லை.