சுட்டுக் கொல்லப்பட்டவர் சியோலில் பாடினார்

வட கொரியாவில்தான் ஊடகம் அரசின் ஊதுகுழல், தென் கொரியாவில் செய்தி சுதந்திரமாக வருகிறது என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. முதல் பாதி சரி. இரண்டாவதுதான் இடிக்கிறது.

2013-ல் வட கொரியப் பாடகி ஹியோன் சோங் வோல் சுட்டுக் கொல்லப்பட்டதாகத் தெற்கின் சோசன் இல்போ நாளிதழ் எழுதியது. பல நாட்டுப் பத்திரிகைகளும் அதை அப்படியே எடுத்துப் போட்டன. அந்த அம்மா அடுத்த வருடமே டிவியில் தோன்றினார். 2018 குளிர்கால ஒலிம்பிக்கின்போது குழுவோடு வந்து சியோல் மேடையில் பாடவும் செய்தார்! 2020 ஏப்ரலில் வட கொரியத் தலைவர் கிம் ஜோங் உன்னையே பாதி உலகம் செய்தியில் சாகடித்துவிட்டது. வடக்கில் வழக்கத்துக்கு மாறாக எதுவும் தெரியவில்லை என்று தென் கொரிய அரசு சொன்னதை யார் காதில் வாங்கினார்கள்? மே மாதம் அவர் உர ஆலைத் திறப்பு விழாவில் ரிப்பன் வெட்டிக்கொண்டிருந்தார். வடக்கிலிருந்து மறுக்க ஆள் வராது என்ற தைரியம்தான், வேறென்ன.

தெற்கின் உள்ளூர் அரசியல் செய்திகளிலும் சாய்வு உண்டு. சோசன், சுங்காங், தோங்கா நாளிதழ்கள் மூன்றும் வலதுசாரிப் பக்கம். 1988-ல் மக்களிடம் பணம் திரட்டித் தொடங்கிய ஹன்க்யோரே நாளிதழ் இடதுபக்கம். அப்புறம், 2022-ல் அப்போதைய தென் கொரிய அதிபர் யூன் சுக் யோல் தன் விமானத்தில் எம்பிசி தொலைக்காட்சி நிருபர்களை ஏற்ற மறுத்ததைக் கட்டுரையாளர் எப்படி மறந்தார்?