டீச்சர் என்ன உடுத்த வேண்டும் என்பதை யார் முடிவு செய்வது?

பணி நியமன ஆணை கைக்கு வந்ததும், எந்த வகுப்பு, எந்தப் பாடம் என்பதைக்கூட விசாரிப்பதற்கு முன்பு, புதிய ஆசிரியைகள் என்னைப் போன்ற மூத்தவர்களிடம் தொலைபேசியில் கேட்கும் முதல் கேள்வி, "அக்கா, புடவைதான் கட்டிட்டு வரணுமா?" என்பதாகவே இருக்கிறது. அதே நாளில் பணியேற்கும் ஆண் ஆசிரியர் எவரும் இப்படிக் கேட்டு நான் அறிந்ததில்லை. அவர் ஒரு பேன்ட்டையும் சட்டையையும் தேய்த்து மாட்டி வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போய்விடுகிறார். வகுப்பறைக்கான உடையை அங்கே நடக்கும் வேலையும் அதைச் செய்பவரின் வசதியும் தீர்மானிக்க வேண்டுமே தவிர, தலைமையாசிரியரின் விருப்பமோ ஊர்ப் பேச்சோ தீர்மானிக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

முதலில் வேலையைப் பார்ப்போம். தொடக்கப் பள்ளி ஆசிரியர் நாற்காலியில் அமர்ந்து பாடம் சொன்ன காலம் தமிழ்நாட்டில் எப்போதோ முடிந்துவிட்டது. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003இல் தொடங்கி, சில ஆண்டுகளில் மாநிலம் முழுவதும் பரவிய செயல்வழிக் கற்றல் முறை, ஆசிரியரைப் பாயில் குழந்தைகளோடு வட்டமாக உட்கார வைத்தது; குழந்தைகளின் கை எட்டும் உயரத்தில், சுவரின் அடிப்பகுதியில் கரும்பலகைகள் வந்தன. 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் ஆசிரியர் பாட வேண்டும், ஆட வேண்டும், பொம்மையைக் கையில் மாட்டிக்கொண்டு நரியாகவும் காக்கையாகவும் பேச வேண்டும். ஒரு நாளில் பல முறை தரையில் உட்கார்ந்து எழுந்து, குனிந்து, ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் மூக்கைத் துடைத்து, சத்துணவு வரிசையை ஒழுங்குபடுத்தி, நடுவே கைப்பேசியில் வருகைப் பதிவையும் முடிக்க வேண்டிய ஒருவருக்கு, முந்தானை மடிப்பு கலையாமல் இருக்க எத்தனை ஊக்கு குத்த வேண்டும் என்பது முதல் நாளின் முக்கியக் கவலையாக இருக்கலாமா?

பயணத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கலந்தாய்வில் தென் மாவட்டத்துப் பெண்ணுக்குத் திருவண்ணாமலையிலோ கிருஷ்ணகிரியிலோ ஒரு மலையடிவாரப் பள்ளி கிடைப்பது நம் துறையில் புதிய செய்தி அல்ல. இரண்டு பேருந்து மாறி, அதற்கு மேல் ஸ்கூட்டரிலோ யாரோ ஒருவரின் வண்டியின் பின்னிருக்கையிலோ போய்ச் சேர வேண்டிய பள்ளிகள் அவை. பின்னால் உட்கார்ந்திருப்பவரின் உடை சக்கரத்தில் சிக்காமலிருக்க, பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் காப்பு இருக்க வேண்டும் என்று 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆவது விதி சொல்கிறது. வண்டி விற்பவர்கள் அதை 'சேலை கார்டு' என்றே சொல்கிறார்கள். சாலை விதிகளை எழுதியவர்களுக்கு இருந்த இந்த அக்கறை, பள்ளிக்கு என்ன உடுத்தி வர வேண்டும் என்று கட்டளையிடுபவர்களுக்கு ஏன் இல்லை என்று எனக்குப் புரியவில்லை.

இதை எழுதுவதால் எனக்குப் புடவை பிடிக்காது என்று எவரும் முடிவு கட்டிவிட வேண்டாம். கஞ்சி போட்ட சின்னாளப்பட்டி சுங்குடியைக் கட்டிக்கொண்டு பள்ளிக்குப் போகும் நாள்களில் எனக்கே ஒரு மிடுக்கு வந்துவிடுகிறது. புடவைதான் தனக்கு வசதி, மாதவிடாய் நாள்களிலும் கர்ப்ப காலத்திலும் அதுவே எளிது என்று சொல்லும் ஆசிரியைகள் இருக்கிறார்கள். நேர் எதிராகச் சொல்பவர்களும் அதே ஆசிரியர் அறையில் இருக்கிறார்கள். அவரவர் உடம்பு அவரவருக்குத்தானே தெரியும்!

அரசின் நிலையும் நாம் நினைக்கும் அளவுக்கு இறுக்கமானது அல்ல. 2019இல் தலைமைச் செயலக ஊழியர்களின் உடை குறித்துத் தமிழ்நாடு அரசு பிறப்பித்த ஆணை, பெண்கள் புடவை அணியலாம், அல்லது துப்பட்டாவோடு சல்வார் கமீஸோ சுடிதாரோ அணியலாம் என்கிறது. ஆண்களுக்குப் பேன்ட் சட்டையோடு வேட்டியையும் அனுமதிக்கிறது. மாநிலத்தின் உயர்ந்த அலுவலகத்தில் கோப்பு பார்க்கும் பெண்ணுக்குப் பொருந்துகிற சுடிதார், ஒன்றியப் பள்ளியில் ஆத்திசூடி சொல்லித் தருபவருக்கு மட்டும் எப்படிப் பொருந்தாமல் போகும்? வேட்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். ஒரு தலைமுறைக்கு முன்பு நம் ஊர்த் தலைமையாசிரியர்கள் பலரும் வெள்ளை வேட்டியில்தான் வந்தார்கள். ஆண்கள் எல்லோரும் பேன்ட்டுக்கு மாறியபோது பண்பாடு போய்விட்டது என்று எவரும் தீர்மானம் போடவில்லை. இன்று இளம் ஆசிரியர் ஒருவர் வேட்டி கட்டி வந்தால், கட்சிக் கூட்டத்துக்குக் கிளம்பிவிட்டீர்களா என்ற கிண்டல்தான் வருகிறது.

மேல்நிலைப் பள்ளிகளில் சொல்லப்படும் ஒரு வாதத்தை நான் மதிக்கிறேன். இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதில் வேலைக்கு வரும் பெண், பிளஸ் டூ மாணவிகளுக்கு நடுவில் தனித்துத் தெரிய வேண்டும், புடவை அதற்கு உதவும் என்கிறார்கள். தெரிய வேண்டும்தான். ஆனால் மாணவிகள் சீருடையில் இருக்கிறார்கள்; வேறு நிறத்தில், வேறு விதத்தில் உடுத்தியிருப்பவர் ஆசிரியை என்பது முதல் நாள் காலை வணக்கக் கூட்டத்திலேயே எல்லோருக்கும் விளங்கிவிடும். அந்தச் சீருடையையும் கொஞ்சம் கவனியுங்கள். பாவாடை தாவணியில் பள்ளிக்கு வந்த பெண்பிள்ளைகளைச் சுடிதாருக்கு மாற்றியது இதே கல்வித் துறைதான். அந்த மாணவி அரசு கொடுத்த மிதிவண்டியைச் சிரமமில்லாமல் மிதித்துக்கொண்டு வந்து படித்து, பட்டம் பெற்று, ஆசிரியையாகத் திரும்பி வரும்போது, 'இனி உனக்கு அது ஆகாது' என்பது என்ன நியாயம்?

அப்படியானால் எதை வேண்டுமானாலும் உடுத்தலாமா என்று கேட்டால், கூடாது என்பேன். அதற்கான காரணம் பிள்ளைகளிடம் இருக்கிறது. காமராசர் முதலமைச்சராகவும் நெ.து. சுந்தரவடிவேலு கல்வித் துறை இயக்குநராகவும் இருந்த காலத்தில் பள்ளிகளில் சீருடை பரவியதன் நோக்கம், உடையில் ஏழை பணக்காரன் தெரியக் கூடாது என்பதுதான். எல்லாப் பிள்ளைகளும் இலவசச் சீருடையில் உட்கார்ந்திருக்கும் வகுப்புக்குள், கல்யாண வீட்டுக்குப் போவதுபோல் பட்டும் கழுத்து நிறைய நகையுமாக நுழைகிற ஆசிரியை, சுடிதார் அணிந்து வருபவரைவிட அதிகமாக அந்த நோக்கத்தைக் குலைக்கிறார். விந்தை என்னவென்றால், அவரைக் கண்டித்து ஒரு தலைமையாசிரியரும் குறிப்பாணை கொடுப்பதில்லை. சரிகை மின்னும்போது பிள்ளைகளின் கண் பலகையில் நிற்பதில்லை. கையை உயர்த்தி எழுதும்போதெல்லாம் தன் உடையைச் சரிசெய்துகொள்ள நேரும் ஆசிரியருக்கும் பாடத்தில் மனம் நிற்காது. இவை ஆண்களுக்கும் பொருந்தும்; உடம்பைப் பிடிக்கும் சட்டையும் வாசகம் எழுதிய டி-ஷர்ட்டும் வகுப்பறைக்கு உரியவை அல்ல.

அண்டை மாநிலமான கேரளத்தில் ஆசிரியைகளைப் புடவை கட்டும்படி வற்புறுத்தக் கூடாது என்று 2014இலேயே அரசு உத்தரவிட்டது. நிறுவனங்கள் அதைக் கண்டுகொள்ளாததால் 2021 நவம்பரில் மீண்டும் சொல்ல வேண்டியிருந்தது. கல்லூரியில் பாடம் நடத்திய காலத்தில் தானும் சுடிதார் அணிந்துதான் போனதாக அப்போதைய உயர்கல்வி அமைச்சர் ஆர். பிந்து வெளிப்படையாகவே கூறினார். இலங்கையில், பொருளாதார நெருக்கடியில் புடவையின் விலையும் போக்குவரத்தும் தாங்க முடியாத நிலைக்குப் போன 2022 நவம்பரில், சில ஆசிரியைகள் வேறு உடையில் பள்ளிக்குச் சென்றார்கள். கல்வி அமைச்சு அதை ஏற்கவில்லை. அசாமும் மகாராஷ்டிரமும் 2023, 2024இல் ஆசிரியர் உடைக்குக் கட்டுப்பாடு விதித்தபோதும், ஜீன்ஸையும் டி-ஷர்ட்டையும் தடுத்தனவே தவிர, சல்வாரைத் தடுக்கவில்லை.

அரசுப் பள்ளியில் இருப்பவர்களாவது ஓர் அரசாணையைக் காட்டி வாதாடலாம். நம் ஊர்த் தனியார் பள்ளிகள் பலவற்றில் புடவையும் கட்டாயம், அதன் மேல் ஓவர்கோட்டும் கட்டாயம். ஏப்ரல் வெயிலில், மின்விசிறி சரியாக ஓடாத அறையில், மாணவர்களின் பார்வையிலிருந்து காப்பதற்கு என்ற பெயரில் ஆசிரியை மீது அது மாட்டப்படுகிறது; பார்க்கிறவனுக்குச் சொல்ல வேண்டியதை உடுத்துகிறவளிடம் சொல்லும் பழக்கம் பள்ளிக்கூடத்துக்குள்ளும் நுழைந்துவிட்டது. குறைந்த சம்பளத்தில், சீருடைப் புடவைக்கும் கோட்டுக்கும் தன் கையிலிருந்தே பணம் கொடுத்துப் பணியில் சேரும் அந்தப் பெண்களுக்காகப் பேச வலுவான சங்கமும் இல்லை. தலைமைச் செயலகத்துக்குச் சொன்ன அதே விதியைத் தனியார் பள்ளிகள் இயக்ககம் ஒரு சுற்றறிக்கையாக எல்லாப் பள்ளிகளுக்கும் அனுப்ப வேண்டும். வரும் ஜூன் மாதம் பள்ளி திறப்பதற்குள் அது வந்துவிட்டால், முதல் நாள் வகுப்புக்குப் போகும் பல பெண்களுக்குப் பேருதவியாக இருக்கும்.