குழிநரிக்கு ஃபீஸ் கிடையாது

போன கோடை விடுமுறையில் ஒரு தப்பு செய்தேன். ஏழு வயது மகனைப் பணம் கட்டி ஒரு ‘இயற்கை முகாமில்’ சேர்த்துவிட்டேன். முதல் நாள் அட்டையில் இலை ஒட்டினான். இரண்டாம் நாள் அந்த இலைகளுக்குப் பெயர் எழுதினான். மூன்றாம் நாள் சான்றிதழ். இத்தனைக்கும் எங்கள் வீடு புளியரையில். பின்கதவைத் திறந்தால் வயல், அதைத் தாண்டினால் மலை, மலைக்கு அந்தப் பக்கம் கேரளா.

அப்புறம் ஜூனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மலைக்கு அந்தப் பக்கம், கேரளாவின் ஆரியங்காவிலிருந்து பக்கத்து வீட்டுக்கு வந்திருந்த ஒரு சிறுமியும் இவனும் தாழ்வார மணலில் குப்புறக் கிடந்தார்கள். மணலில் புனல் மாதிரிக் குழி பறித்து, அடியில் ஒளிந்து எறும்பு பிடிக்கும் குட்டிப் பூச்சி ஒன்று. அதை இவன் குழிநரி என்கிறான், அவள் குழியானை என்கிறாள். பெயருக்கே அரைமணி நேரச் சண்டை. பிறகு ஒரு கட்டெறும்பைக் குழிக்குள் விட்டார்கள். எறும்பு ஏற ஏற, குழிநரி அடியிலிருந்து மணலை வீசிச் சரித்து உள்ளே இழுத்துக்கொண்டது. குழிநரியைத் தோண்டி எடுத்துக் கையில் விட்டால் பின்பக்கமாகவே ஊர்கிறது. “இதுக்கு ரிவர்ஸ் கியர் மட்டும்தான்மா!”

அடுத்து ஒரு செம்புத் தண்ணீர். நனைந்த மணலில் விட்டால் குழி பறிக்கவே இல்லை. சாரல் படாத இறவாரத்துக்கு உள்ளே மட்டும் ஏன் குழிகள் இருக்கின்றன என்பது அவனுக்குத் தானாகவே பிடிபட்டது. சொல்லிக்கொடுக்க எனக்கு நாக்கு துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டேன். ராத்திரி, “பெருசானா என்ன ஆகும்?” என்று அவனே கேட்டான். இறக்கை முளைத்து, தட்டான் மாதிரி பறக்கும் என்றேன். நம்பவில்லை!

மண்ணில் விட்டால் பூச்சி கடிக்கும் என்பவர்களுக்கு: பயம் நியாயம்தான். வரப்புப் பொந்தில் கைவிடக் கூடாது, சாரல் காலத்தில் வாய்க்கால் பக்கம் தனியாகப் போகக் கூடாது. இந்த இரண்டு சட்டத்தில் நான் கறார். மற்றபடி படியில் உட்கார்ந்து பார்ப்பதோடு என் வேலை முடிந்தது.

மூத்தவளுக்கு ஏழு வயதிலேயே கண்ணாடி. சீனாவின் குவாங்சௌவில் 12 பள்ளிகளில் மூன்று ஆண்டு நடந்த ஆய்வு 2015-இல் வெளியானது. தினம் 40 நிமிடம் கூடுதலாக வெளியே இருந்த பிள்ளைகளில் சுமார் 30 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை வந்தது. மற்றவர்களில் ஏறக்குறைய 40. அவளை வெயில் படாமல் வளர்த்ததை நினைத்தால் இன்னும் உறுத்துகிறது.

இன்று காலை பார்த்தேன், ஒரு குழியின் மேல் சிரட்டை கவிழ்ந்திருக்கிறது. ஆரியங்காவுச் சிறுமி மறுபடி வரும்வரை யாரும் எடுக்கக் கூடாதாம்.